ஹீல்ஸ் போட்ட ராஜாவிலிருந்து கறுப்பு கோட்டு வரை: நடுவில் என்ன நடந்தது?

சுருள்முடி:
1701இல் ரிகோ வரைந்த பதினான்காம் லூயி ஓவியத்தை நேற்றுதான் உற்றுப் பார்த்தேன். தோளில் வழியும் விக், வெள்ளைக் காலுறை, சிவப்பு ஹீல்ஸ், காலை வேறு நடனக்காரர் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். பிரான்ஸையே ஆண்டவர், இப்படித்தான் தன்னை ஊர் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்! நான் ஒரு பிங்க் சட்டை போட்டதற்கே ஆபீஸில் நாலு பேர் கேலி. எப்போது, எதனால் மாறியது?

லாடம்:
ஹீல்ஸ் குதிரைக்காரர்கள் சமாசாரம். பாரசீக வீரர்கள் ஓடுகிற குதிரைமேல் அங்கவடியில் எழுந்து நின்று அம்பு விடுவார்கள், அப்போது கால் நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான் உயர்ந்த குதிகால். 17ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பியப் பிரபுக்கள் எடுத்துக்கொண்டார்கள். தரையில் நடக்க லாயக்கில்லாத செருப்பு, ஆனால் பெருமையே அதில்தான்: நடந்து பிழைக்க வேண்டியவன் நானில்லை!

கஞ்சிப்பசை:
மாற்றத்துக்குப் பெரிய காரணம் பிரெஞ்சுப் புரட்சி. முழங்காலோடு நிற்கும் பட்டுக் கால்சட்டை பிரபுக்களின் அடையாளம், நீளக் கால்சட்டை போட்ட சாமானியர்களுக்கு ‘அந்தக் கால்சட்டை இல்லாதவர்கள்’ என்றே பெயர். 1789க்குப் பிறகு பட்டும் பவுடரும் ஆபத்தாகிவிட்டன. இங்கிலாந்தில் போ ப்ரம்மெல் என்ற உடை ரசிகர் கருநீலக் கோட்டு, கஞ்சி போட்ட வெள்ளைக் கழுத்துத் துணி, தினசரிக் குளியல் என்று ஒரு பாணியைக் கொண்டுவந்தார். எளிமை என்று ஏமாந்துவிடாதீர்கள், அந்தத் துணியில் மடிப்பு சரியாக விழும் வரை கட்டிக் கட்டி அவிழ்ப்பாராம் மனிதர். 1816இல் கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்ஸுக்கு ஓடினார், கோட்டு மட்டும் தங்கிவிட்டது. 1930இல் ஃப்ளூகல் என்ற உளவியலாளர் இந்த மாற்றத்துக்கு ‘ஆண்களின் மாபெரும் துறவு’ என்று பெயர் வைத்தார். துறவாவது! தையலுக்கும் துணிக்கும் கொட்டிய காசு குறையவே இல்லை.

இடதுகை:
எல்லாம் பணக்காரர் கதையாகவே போகிறதே. சாதாரணச் சிப்பாய் மாற்றிய ஒன்று: கைக்கடிகாரம். முதல் உலகப் போருக்கு முன் அது பெரும்பாலும் பெண்கள் நகை, ஆணுக்குச் சங்கிலி போட்ட பாக்கெட் கடிகாரம்தான். பதுங்குகுழிக்குள் ஒரு கையில் துப்பாக்கி, மேலே கனத்த கோட்டு, அதற்குள் கையை விட்டு எங்கே துழாவுவது? மணிக்கட்டில் கட்டினார்கள். ஊர் திரும்பியபோது அது வீரன் அணிகிற பொருளாகிவிட்டது.

அப்புறம் பிங்க். 1918இல் அமெரிக்க ஆடை வணிக இதழ் ஒன்று, பிங்க் உறுதியான நிறம், அதனால் பையன்களுக்கு, நீலம் மென்மையானது, பெண் குழந்தைகளுக்கு என்று எழுதியது. நாலு பேரிடமும் சொல்லிப் பாருங்கள்.

சுருள்முடி:
சொல்கிறேன். நாளைக்கும் அதே சட்டைதான். ஹீல்ஸ் வேண்டாம், குதிரை இல்லை.