சர்வீஸ் முடிந்த ரெகுலேட்டரில் மூச்சிழுப்பது கடினமாக உள்ளது

கேள்வி:
ஆண்டு சர்வீஸ் முடிந்து வந்த என் ஸ்கூபா ரெகுலேட்டரில் (நீருக்கடியில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), முன்பு தானாக வந்த காற்றை இப்போது சற்று வலிந்து இழுக்க வேண்டியிருக்கிறது. 20 மீட்டருக்குக் கீழே இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. புதிய உதிரிபாகங்கள் பழகும்வரை இப்படித்தான் இருக்கும் என்கிறார் மெக்கானிக். அது சரிதானா?

பதில் 1:
ஓரளவுக்கே சரி. புதிய சீட்டில் (வால்வை அடைக்கும் மென்மையான பகுதி) ஆரிஃபிஸின் (காற்று வரும் துளை) விளிம்பு மெல்லப் பதிவது உண்மை; ஆனால் அது பெரும்பாலும் சிறு கசிவாகவே வெளிப்படும். அக்கசிவுக்கு அஞ்சி இரண்டாம் நிலையின் (வாயில் வைக்கும் பகுதி) ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். உள்ளிருக்கும் நெம்புகோல் தாழ்ந்திருந்தாலும் வால்வு முழுமையாகத் திறக்காது. காற்று அடர்த்தியாகும் ஆழத்தில் அக்குறை உடனே உறைக்கும்.

பதில் 2:
முதல் நிலையின் (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) இடைநிலை அழுத்தத்தையும், அதாவது அது இரண்டாம் நிலைக்கு அனுப்பும் காற்றின் அழுத்தத்தையும், அளக்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் அது 9 முதல் 10 பார் வரை இருக்கும். மூச்சிழுக்கும்போது சற்றே இறங்கி, உடனே மீண்டு, அங்கேயே நிற்க வேண்டும். மிகவும் சரிந்தால் வடிகட்டியையும் சிலிண்டர் வால்வு முழுமையாகத் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இடைநிலை அழுத்தம், திறப்பு விசை (வால்வைத் திறக்கத் தேவையான இழுப்பு) ஆகிய இரண்டின் அளவுகளையும் எழுத்தில் தருமாறு கேட்டு, நாளையே திருப்பிக் கொடுக்கிறேன்.