சூடேறினால் நின்றுவிடும் பழைய பவர் வீடர்: வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத் தோட்டம். மஞ்சளிலும் வாழையிலும் களை ஓட்ட, அப்பா வாங்கிய பெட்ரோல் பவர் வீடர் ஒன்று இருக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக், வயது 14.

காலையில் இரண்டே இழுப்பில் கிளம்பிவிடும். இருபது நிமிடம் ஓடியதும் இருமி, இழுவை குறைந்து, நடுக்காட்டில் நின்றுவிடும். அப்புறம் கயிற்றை இழுத்து என் தோள்தான் கழன்று போகிறது. அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது!

கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்தேன். பிளக் புதிது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்போ என்று மூடியைத் தளர்த்தி ஓட்டியும் அதே கதை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் குழாயையும் மாற்றியாச்சு.

நின்ற சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மங்கல். சில நேரம் இல்லவே இல்லை. அதனால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல்தான் சந்தேகம். பட்டறைக்காரர் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை.

காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரம்) எவ்வளவு இடைவெளி வைக்கிறீர்கள்? வால்வு இடைவெளி குறைந்தாலும் சூட்டில் இப்படி நிற்குமா? ஈரோட்டிலோ கோவையிலோ பழைய மாடல் காயில் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்க.