எல்கரின் முதல் சிம்பொனி: எந்தப் பதிவை வாங்கலாம்?

நண்பர்களே, ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் முதல் சிம்பொனிக்கு (1908; பெரிய இசைக்குழுவுக்கான நான்கு பகுதிப் படைப்பு) ஒரு நல்ல பதிவு வாங்க வேண்டும், வழிகாட்டுங்கள்.

1930இல் எல்கரே இசைக்குழுவை நடத்திய பதிவு விறுவிறுவென்று போகிறது, ஆனால் ஒலி மிகப் பழையது. அதை ஆராய்ந்தே இசை நடத்துநர் சோல்டி 1972இல் நடத்தினார், அதே துடிப்பு. இன்னொரு நடத்துநரான பார்பிரோலியின் 1962 பதிவோ நிதானம். இரண்டாம் பகுதியில் வயலின்கள் விரைந்தோடும் அதே சுரங்கள், மூன்றாம் பகுதியில் மெதுவாக விரிந்து நெஞ்சை உருக்கும். அந்த இடத்தில் பார்பிரோலிக்கு ஈடில்லை என்பேன். கடைசிப் பகுதியில்தான் அவரிடம் வேகம் போதவில்லை.

நடத்துநர் போல்ட்டின் 1976 பதிவைக் கேட்டவர்கள் உண்டா? முதல், இரண்டாம் வயலின்களை இடமும் வலமுமாகப் பிரித்து அமர்த்தி வந்தவர் அவர். அந்தப் பிரிவு இதில் தெளிவாகக் கேட்கிறதா? முடிவில் முதல் மெட்டு திரும்பும்போது பித்தளைக் கருவிகள் வயலின்களை மூழ்கடித்துவிடாமல் இருக்கின்றனவா?