புதுப்பிப்பு: டிரெட்மில் ஏற முடியாத அம்மாவுக்கு டெஸ்ட் முடிஞ்சுது

பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மாவுக்கு முட்டி தேய்மானம், கூடவே ஆஸ்துமா, டிஎம்டி (டிரெட்மில்ல நடக்க வெச்சு இதயத்தப் பாக்கற டெஸ்ட்) எப்படி எடுக்கறதுன்னு முன்னாடி இங்க கேட்டிருந்தேன், நடக்க முடியாதவங்களுக்கு டெஸ்ட்ல போடற மருந்துல அடினோசின் ஆஸ்துமாவுக்கு ஆகாது, டோபுடமின் ஸ்ட்ரெஸ் எக்கோ (டோபுடமின் மருந்து ஏத்தி, பல்ஸ வேகமாக்கி, இதயத்த ஸ்கேன்ல பாக்கறது) கேளுங்கன்னு ஒருத்தர் சொன்னீங்கல்ல, டாக்டரும் அதையேதான் சொன்னார்.

பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பக் குறைக்கற மாத்திரை) சாப்பிடறாங்களான்னு முதல்லயே கேட்டாங்க, சாப்பிட்டா பல்ஸ் ஏறாதாம். வயசு 64, அத 220ல கழிச்சு 85 சதவீதம், அதாவது பல்ஸ் 133 வரணும். 3 நிமிஷத்துக்கு ஒருதடவை டோஸ் ஏத்தினாங்க, எதிர்பாக்காதது என்னன்னா கடைசி டோஸ் வரைக்கும் போயும் பல்ஸ் 118லயே நின்னுடுச்சு, அட்ரோபின்னு பல்ஸ ஏத்தற இன்னொரு மருந்து போட்டப்புறம்தான் ஏறுச்சு. அம்மா கை நடுங்கி என் விரல இறுக்கிப் பிடிச்சிட்டாங்க, மருந்த நிறுத்தினதும் கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சு.

அந்த வேகத்துல இதயத்தோட கீழ்ச்சுவர் சரியா சுருங்கலயாம். அதனால வியாழக்கிழமை ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கான்னு பாக்கற டெஸ்ட்).