பையனை இறக்கலாமா, சீனியர்களோடே போகலாமா?

முத்தியால்பேட்டை_கோர்ட்:
வணக்கம். புதுச்சேரியில் ஒரு சின்ன பாஸ்கெட்பால் கிளப் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். பொங்கல் முடிந்ததும் டோர்னமென்ட். போன முறையும் அதற்கு முந்தைய முறையும் செமி ஃபைனலோடு திரும்பினோம். முதல் ஐந்து பேரில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆளாக ஆடும் அண்ணனுக்கு 36. முட்டியில் பட்டை இல்லாமல் ஓட முடியாது, அடுத்த வருஷம் ஆடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். இவர்களுக்கு இந்தக் கப் வேண்டும். எனக்கும் வேண்டும்.

இந்த நேரத்தில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான். பிளஸ் டூ படிக்கிறான், ஆறடி நாலு அங்குலம், இன்னும் வளர்கிறான். எப்படிப் பாஸ் போட்டாலும் கையில் ஒட்டிக்கொள்கிறது. கூடைக்கு முதுகு காட்டிப் பந்தை வாங்கி, திரும்பி இடது கையால் போடுகிறான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் டிஃபென்ஸில் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவன் பிடிக்க வேண்டிய ஆள் பின்பக்கமாக வெட்டிப் போய்விடுகிறார். பிராக்டிஸ் மேட்சில் முதல் குவார்ட்டர் முடிவதற்குள் மூன்று ஃபவுல்.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், 2025-ல் டல்லாஸ் டீம் 18 வயது கூப்பர் ஃபிளாகை முதல் ஆளாக எடுத்தபோது, அங்கே அந்தோணி டேவிஸ், கைரி இர்விங் என்று உடனே ஜெயிப்பதற்காகச் சேர்த்த ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வந்த கேள்விதான் இப்போது எனக்கும். பையனை முதல் ஐந்தில் இறக்கி வளர்க்கட்டுமா, இந்த வருஷம் உட்காரவைத்துவிட்டு சீனியர்களை நம்பட்டுமா?

மஞ்சக்குப்பம்_விசில்:
தம்பி, கடலூரில் ரொம்ப வருஷமாகப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக வருவான் என்ற யோசனையை இந்த ஒரு மாதம் தள்ளி வையுங்கள். வருகிற மேட்சில் அவனால் தப்பில்லாமல் செய்ய முடிகிற ஒரு வேலை எது? அதை மட்டும் கண்டுபிடியுங்கள்.

கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2020-ல் இரண்டாவது ஆளாக ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்தது. ஏழடி உயரம், கல்லூரியில் ஆடியதே மூன்று மேட்ச். அந்த டீமின் நட்சத்திரம் ஸ்டெஃப் கரிக்கு அப்போது 32 வயது. ஒரு பக்கம் கரி இருக்கும்போதே கப், இன்னொரு பக்கம் இந்தப் பையனின் எதிர்காலம் என்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்தார்கள். சீக்கிரமே ஸ்டார்ட்டிங் சென்டராக நிறுத்தி, பிறகு பெஞ்சுக்கு அனுப்பி, திரும்பவும் ஸ்டார்ட்டிங்கில் வைத்தார்கள். அதற்குள் முட்டியில் அடி. 2022-ல் வாரியர்ஸ் கப் அடித்த சீசனில் அவன் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அந்தக் கப்பில் சென்டராக உழைத்தது 2015 டிராஃப்டில் 30-வது ஆளாக வந்த கெவான் லூனி. 2023 பிப்ரவரியில் வைஸ்மனை டெட்ராய்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். கற்றுக்கொள்கிற வயதில், ஒரு தப்புக்குக்கூட இடமில்லாத டீமில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்.

சான் அன்டோனியோ டீமைப் பாருங்கள். அதன் நட்சத்திரங்கள் டங்கன், பார்க்கர், ஜினோபிலி மூவருக்கும் வயதாகிக்கொண்டிருந்த 2011-ல், நல்ல ஆட்டக்காரரான ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து, 15-வது இடத்தில் எடுக்கப்பட்ட கவாய் லெனர்டை வாங்கினார்கள். அவனுக்குக் கொடுத்த வேலை சின்னது: எதிரணியின் நல்ல ஆட்டக்காரரைப் பிடி, கார்னரில் (கோர்ட்டின் மூலையில்) நில், பந்து வந்தால் த்ரீ (தூரத்திலிருந்து மூன்று பாயிண்ட் ஷாட்) போடு. அதைச் செய்துகொண்டேதான் வளர்ந்தான். 2014-ல் மயாமியை 4-1 என்று ஜெயித்தபோது ஃபைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) அவன்தான், 22 வயதில்.

உங்கள் பையனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2-3 ஜோன் (முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், ஆளைப் பிடிக்காமல் அவரவர் இடத்தைக் காப்பது) போட்டு, பின்வரிசையில் நடுவில் நிறுத்துங்கள். என்பிஏ-வில் தடுக்கிறவர் ஆள் பிடிக்காமல் மூன்று விநாடிக்கு மேல் பெயிண்டில் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்தில்) நிற்க முடியாது. நாம் ஆடுவது ஃபீபா (சர்வதேச பாஸ்கெட்பால் அமைப்பு) விதி, அந்தத் தடை கிடையாது. கை தூக்கி நிற்கட்டும், குதிக்கவே வேண்டாம். ஆளைத் தொலைக்கிற பிரச்சினையும் பாதி தீரும், இடத்தைத்தானே காக்கிறான்.

முதல் ஐந்தில் வேண்டாம். இரண்டாவது குவார்ட்டர் தொடக்கத்தில் இறக்குங்கள். டீம் ஃபவுல் (ஒரு குவார்ட்டரில் மொத்த டீமும் செய்யும் ஃபவுல் கணக்கு) அப்போது பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அவன் ஒன்றிரண்டு ஃபவுல் செய்தாலும் எதிரணிக்கு உடனே ஃப்ரீ த்ரோ போகாது, ஷாட் போடுகிறவர் மேல் செய்யும் ஷூட்டிங் ஃபவுலாக இல்லாதவரை. குவார்ட்டர் கடைசியில் இறக்கினால், நாலு டீம் ஃபவுல் ஏற்கனவே ஆகியிருந்தால், அவன் தொட்டதெல்லாம் இரண்டு ஃப்ரீ த்ரோ. அந்த அஞ்சாறு நிமிஷம் உங்கள் சென்டரின் முட்டிக்கும் ஓய்வு.

லாஸ்பேட்டை_த்ரீ:
கோச் சார் சொல்வது சரி, ஆனால் ப்ரோ, சீனியர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கிளீவ்லாண்ட் டீம் 2014 டிராஃப்டில் முதல் ஆளாக ஆண்ட்ரூ விக்கின்ஸை எடுத்தது. அந்த டீமின் பழைய நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் திரும்பி வந்ததும் விக்கின்ஸை மின்னசோட்டாவுக்கு அனுப்பி கெவின் லவ்வை வாங்கியது. 2016 ஃபைனல்ஸில் 3-1 பின்தங்கிய நிலையிலிருந்து கப் அடித்தது. அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் ஒருத்தரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. கிளிப்பர்ஸ் 2019-ல் பால் ஜார்ஜுக்காக ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரைக் கொடுத்தது, கூடவே ஒரு பெரிய டிராஃப்ட் பிக் கட்டு (வரும் டிராஃப்ட்களில் ஆள் எடுக்கும் உரிமைகள்). 2025-ல் ஓக்லஹோமா சிட்டிக்கு கப், ஷேக்கு எம்விபி. கிளிப்பர்ஸுக்கு இன்னும் ஒரு ஃபைனல்கூட இல்லை.

உங்களால் இப்படி ஆளைக் கொடுத்து ஆள் வாங்கும் டிரேட் செய்ய முடியாது. ஆனால் ஆடக் கிடைக்கவில்லை என்றால் பையன் சொல்லாமல் வேறு கிளப்புக்கோ ஹாஸ்டல் செலக்‌ஷனுக்கோ போய்விடுவான். அந்த உயரத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நெய்வேலி_7:
அண்ணா, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பெரியவர்கள் டீமில் இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தது வலிக்கவில்லை. எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருவரும் சொல்லாததுதான் வலித்தது. இரண்டாவது குவார்ட்டரில் இறங்குவாய், இதுதான் உன் வேலை என்று மேட்சுக்கு முந்தின நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். சென்டர் அண்ணனையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம், அவனுக்கு மார்ச்சில் பப்ளிக் எக்ஸாம். வீட்டில் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். வளர்கிற முட்டி வேறு, சிமென்ட் தரையில் தினமும் குதிக்கவிடாதீர்கள்.

முத்தியால்பேட்டை_கோர்ட்:
எல்லாருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் ஜோன் போட்டுப் பார்த்தோம். பையன் ஒரு ஃபவுல்தான் செய்தான், ரீபவுண்ட் எல்லாம் அவனுக்கே. முதல் ஐந்தில் சீனியர்கள், இரண்டாவது குவார்ட்டரில் இவன் என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன், சென்டர் அண்ணனும் வருகிறார்.

சார், ஒரு சந்தேகம். செமியில் எங்களை ஜெயித்த டீமில் இரண்டு பேர் கார்னரிலிருந்து நன்றாகப் போடுவார்கள். ஜோன் தாங்குமா?

மஞ்சக்குப்பம்_விசில்:
பந்து கார்னருக்குப் போனால் பின்வரிசையில் அந்தப் பக்கம் நிற்பவர் ஓடிப் போய் அடைக்க வேண்டும். அவர் விட்ட இடத்துக்குப் பையன் நகரணும், எதிர்ப்பக்கத்தவர் நடுவுக்கு வரணும். மூன்று பேரும் ஒன்றாக நகர்வதை மட்டும் தினமும் கால் மணி நேரம், பந்தைக் கையால் சுற்றிவிட்டுப் பழக்குங்கள். அப்படியும் கார்னரிலிருந்து அடுத்தடுத்து இரண்டு த்ரீ விழுந்தால் டைம் அவுட் கேளுங்கள். அண்ணனை உள்ளே அனுப்பி, ஆளுக்கு ஒரு ஆளைப் பிடிக்கும் மேன்-டு-மேனுக்கு மாறுங்கள், பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏன் மாற்றினீர்கள் என்று அப்போதே சொல்லுங்கள்.