முசுறுக் கூட்டருகே நூலில் தொங்கிய 'எறும்பு'

கேள்வி (கோண்டாவில் வாசகர்):
எங்கள் வளவிலுள்ள கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் முசுறுகள் இலைகளைப் பிணைத்துக் கூடு கட்டியுள்ளன. மாங்காய் ஆயும்போது, கூட்டிலிருந்து சற்று விலகித் தனியே திரிந்த ஒரு முசுறு கொக்கத்தடி பட்டு விழுந்தது. ஆனால் நிலத்துக்கு வராமல் மெல்லிய நூலொன்றில் தொங்கி, அந்த நூலைப் பற்றியே மேலேறிவிட்டது. முசுறு நூல் விடுமா? இதற்குக் கால்களும் எட்டு இருந்தன.

மறுமொழி (தாவரவியல் ஆசிரியர், ஓய்வு):
வளர்ந்த முசுறு நூல் விடாது. கூடு பிணைக்கும் இழை அதன் புழுக்களிலிருந்து வருவது; வேலைக்கார எறும்புகள் அவற்றை வாயில் கவ்வி இலை விளிம்புகளில் தொட்டுத் தொட்டு ஒட்டுகின்றன. தாங்கள் கண்டது குதிக்கும் சிலந்திக் குடும்பத்தின் மிர்மராக்னே என்ற எறும்புப்போலிச் சிலந்தி. முசுறைப் போன்ற இனம் 1869 இல் பிளாட்டலியோய்டிஸ் என்று பெயரிடப்பட்டது. அண்மைக் காலத்தில் அதை மிர்மபிளாட்டா என்ற பேரினத்துக்கு மாற்றியுள்ளனர். முன்னுடல் நடுவில் ஒடுங்கி, தலையும் மார்பும் தனித்தனியே இருப்பதாகத் தோன்றும். முன்கால்களை உயர்த்தி ஆட்டுவதால் அவை உணர்கொம்புகளாகவே தெரியும். முகத்தின் முன்னே இருக்கும் இரு பெரிய கண்கள்தாம் அதைக் காட்டிக்கொடுப்பவை.

கோண்டாவில் வாசகர்:
நன்றி ஐயா. முசுறுகளை ஏமாற்றிப் பிடித்துத் தின்பதற்கா இந்த வேடம்? மரத்தடியில் பிள்ளைகள் விளையாடுவதால் கடிக்குமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (பூச்சி ஆர்வலர், சாவகச்சேரி):
பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆனால் இந்தச் சிலந்தி முசுறுகளை நெருங்கவிடாமல் ஒதுங்கிக்கொள்கிறது, ஏனெனில் தொட்டறியும் எறும்பை உருவத்தால் ஏய்க்க முடியாது. ஏமாறுவோர் கண்ணால் வேட்டையாடுவோர்: கடிக்கும் எறும்பைத் தவிர்க்கும் பிற குதிக்கும் சிலந்திகளும் அவைபோன்ற வேட்டையாடிகளும். எனக்கு வியப்பளிப்பது ஆண்தான். அதன் தாடைகள் முன்னோக்கி மிக நீண்டிருப்பதால், எதையோ வாயில் கவ்விச் செல்லும் எறும்பைப்போலத் தோற்றமளிக்கிறது. அதற்கு அது கொடுக்கும் விலையும் சிறிதன்று: எறும்பைத் தவிர்ப்போரிடமிருந்து தப்பினாலும், சுமை தூக்கிச் செல்லும் எறும்புகளைத் தேடி வேட்டையாடும் சிலந்திகளின் கண்ணில் அது எளிதில் பட்டுவிடுகிறது, மேலும் ஆணின் பல்லில் நஞ்சு பாயும் குழாய் இல்லாததால், இரையைக் குத்திப் பிடித்தே உண்ண வேண்டும்.

பிள்ளைகளுக்கு இதனால் ஆபத்தில்லை. அவர்களைக் கடிக்கப்போவது முசுறுதான். கூடுள்ள கொப்பை அசைக்காமல் பக்கத்துக் கொப்பின் இலைகளைப் பாருங்கள். கூட்டத்தில் சேராமல், நின்று நின்று நடப்பது எதுவோ அதுவே இந்தச் சிலந்தியாக இருக்கக்கூடும்.