ஓக் உத்தரங்களின் கறுப்புப் பூச்சை நீக்கலாமா?

கேள்வி (சஃபோக்கில் குடியிருப்பவர்):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் மரச்சட்ட வீடு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினோம். கூடத்தின் நடுவே செல்லும் பெரிய உத்தரமும் அதில் வந்து பொருந்தும் குறுக்குக் கட்டைகளும் ஓக் மரத்தாலானவை. அனைத்தின் மீதும் கெட்டியான கறுப்புப் பூச்சு இருப்பதால், ஏற்கெனவே தாழ்வான அந்தக் கூடம் பிற்பகல் மூன்று மணிக்கே இருண்டுவிடுகிறது. மணலை வேகமாகப் பீய்ச்சி இரண்டே நாளில் மரத்தை வெளிக்கொணர்ந்து தருவதாக ஒருவர் சொல்கிறார். எங்களோடு இருக்கும் என் தாயாரோ, காரைக்குடி வீட்டுத் தேக்குத் தூண்களுக்குச் செய்ததுபோலச் சுரண்டிவிட்டு ஆண்டுதோறும் எண்ணெய் தேய்த்தால் போதும் என்கிறார். பெரிய உத்தரத்தில் விரல் நுழையும் அளவுக்கு நீள்வாக்கில் ஒரு வெடிப்பும், ஓரங்களில் சிறு துளைகளும் உள்ளன. எதிலிருந்து தொடங்குவது?

பதில் (பழைய மரச்சட்ட வேலை செய்யும் தச்சர்):

முதலில் அந்த மணல் பீய்ச்சுபவரை நிறுத்திவையுங்கள். வீடு பட்டியலிடப்பட்ட கட்டடமா, அதாவது மரபுச் சிறப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றதா என்பதை உள்ளூர் மன்றத்தின் மரபுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டறியுங்கள். பட்டியலில் இருந்தால், அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றங்களை, அவை வீட்டுக்குள்ளேயே நடந்தாலும், ஒப்புதலின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

மணல் பீய்ச்சுவதை நான் எதிர்ப்பதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. வளர்வளையங்களின் மென்மையான பகுதியை மணல் முதலில் தின்றுவிடுவதால், வன்மையான பகுதி வரப்புப்போல எழுந்து நிற்கும். தச்சர் வாய்ச்சியால் செதுக்கிய தடங்களும், எந்தக் கட்டை எங்கே பொருந்தும் என்று காட்ட அவர் கீறிய எண்களும் ஒரே நாளில் போய்விடும். பழங்கட்டடங்களைக் காக்க வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் முதலானோர் 1877இல் தொடங்கிய சங்கத்துக்கு, பழைய பூச்சைச் சுரண்டி எடுப்பதை எதிர்த்ததால், ‘சுரண்டுவதற்கு எதிர்ப்பு’ (Anti-Scrape) என்றே பட்டப்பெயர் உண்டு என்பதை இங்கே நினைவூட்டலாம்.

அந்தக் கறுப்பு நிறம், வீட்டின் வயதைக் காட்டுவதன்று. உத்தரங்களுக்குக் கறுப்புப் பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்தில் பரவிய மோகம். அதற்கு முன் பல வீடுகளில் மரத்தை வெறுமனே விட்டிருந்தனர். அல்லது சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தனர். எனவே நீக்குவதில் தவறில்லை, முறைதான் முக்கியம். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முதலில் அதைச் சோதியுங்கள். சோதிக்காத பூச்சை உப்புத்தாளால் தேய்ப்பதும் அனல்காற்றால் உருக்குவதும் கூடாது. களிம்பாக அப்பி, மூடி வைத்து, ஊறியபின் வழித்தெடுக்கும் நீக்கியை, கண்ணில் படாத மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் முயன்று பாருங்கள். காரச்சோடா கலந்த நீக்கியைத் தவிருங்கள்; அது ஓக்கைக் கருக்கச் செய்யும்.

இரும்புப் பஞ்சையும் தொடாதீர்கள். ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்து மிகுதி. அதில் இரும்புத் துகளும் ஈரமும் சேர்ந்தால் நீலங்கலந்த கறுப்புக் கறை விழும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு சேர்ந்தால் கறுப்பதும் இதே வினைதான். ஐரோப்பியர் ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய்போன்ற புடைப்புகளிலிருந்து மை செய்ததும் இப்படித்தான். பித்தளை முள் தூரிகையோ நைலான் பட்டையோ போதும். கறை விழுந்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசலை அந்த இடத்தில் மட்டும் தடவிக் கழுவலாம். அது நஞ்சு என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும்.

பதில் (கென்டில் வசிப்பவர்):

தங்கள் தாயார் சொன்னதை நானும் செய்து பார்த்தேன். பச்சை ஆளிவிதை எண்ணெயை இரண்டு முறை தாராளமாகத் தேய்த்தேன். வாரக்கணக்கில் பிசுபிசுப்புப் போகவில்லை. அதில் தூசி ஒட்டி, நீக்கிய கறுப்பைவிட அழுக்கான பழுப்பு நிறம் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் மழையும் வெயிலும் படாத ஓக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் ஊட்டத் தேவையே இல்லை. இன்னொன்று: அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்த பின்பே அப்புறப்படுத்துங்கள்.

இப்போது டர்பன்டைனில் இளக்கிய தேன்மெழுகை மெல்லியதாக ஒரு முறை தடவி, துணியால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். அதன்பின் மென்தூரிகையால் தூசி தட்டுவது மட்டுமே வேலை. அடுப்புக்கு மேலுள்ள கட்டைகளுக்கு மட்டும், எண்ணெய்ப் புகை படிவதால், மெழுகெண்ணெய் பூசினேன். பாலியூரித்தேன் வார்னிஷை எதிலும் பூசவில்லை. அது நாளடைவில் மஞ்சளித்து உரியும். ஈரம் வெளியேறும் வழியையும் அடைத்துவிடும்.

பதில் (முன்னவரான தச்சர்):

வெடிப்பையும் துளைகளையும் சொல்ல மறந்துவிட்டேன். அக்காலத்தில் ஓக்கைப் பச்சையாகவே அறுத்து, செதுக்கி, வீட்டில் ஏற்றிவிடுவார்கள். ஓர் அங்குலக் கனம் உலர ஓராண்டு என்பது எங்கள் தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. அப்படி உலரும்போது நார்வாக்கில் வெடிப்பது இயல்பு. அதைச் சிமெண்டாலோ கெட்டி மக்காலோ அடைக்காதீர்கள். பருவத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்கும்போது அடைப்பு பெயர்ந்து விழும். ஆனால் வெடிப்பு நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சென்றாலோ, உத்தரம் தொய்ந்து வருவதாகத் தோன்றினாலோ, கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் துளைகள் மரச்சாமான் வண்டினுடையவை. அவை பெரும்பாலும் வைரம் பாயாத வெளிப்பகுதியோடு நின்றுவிடும். 3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் ‘மரணக் கடிகார வண்டு’ என்று ஐயப்படலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை அது மரத்தில் தலையை முட்டி எழுப்பும் தட்டொலி, அமைதியான இரவில் கேட்கும். புதிய மரத்தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். உதிராவிட்டால் அவை பழைய துளைகளாகவே இருக்கலாம். ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்த ஓக்கைத்தான் இந்த வண்டு நாடும். ஆகவே மருந்து அடிக்கும் முன், வெளிச்சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனையை ஈரமானியால் அளவெடுங்கள். அங்கே சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாகச் சிமெண்டு பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தேங்கும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. வீடு இரண்டாம் தரப் பட்டியலில் இருக்கிறது. மணல் வேலையை நிறுத்திவிட்டேன். அலுவலர் இசைவுடன், ஈயச் சோதனைக்குப் பின், கதவுக்குப் பின்புறம் சிறிதளவு மட்டும் நீக்கிப் பார்த்தோம். கறுப்புக்கு அடியில் சுண்ணாம்பு; அதற்கும் அடியில், ஒரு கட்டையின் முனையில் நான்கு செங்குத்துக் கீறல்கள். இவற்றின் மீது மெழுகு தடவலாமா என்று அம்மா கேட்கிறார்.

பதில் (தச்சர்):

அது நான்காம் எண். கட்டை பொருந்தும் பொளிக்கு அருகே, உத்தரத்திலும் அதே நான்கு கீறல்கள் இருக்க வாய்ப்புண்டு. அவற்றைப் படமெடுத்து அலுவலருக்கு அனுப்புங்கள். மெழுகு கீறலுக்குள் தங்கினால் வெள்ளையாகத் தெரியும். அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவிடச் சொல்லுங்கள்.